வென்றது யார் என்று போட்டீர்கள், எத்தனைக்கு எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு துணுக்கு வந்திருந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அடுத்த சம்பியன் யார் என்பதைப் பழைய முடிவுகளைக் கொண்டே கணினி சொல்லிவிடுமாம். அதே பக்கத்தின் கீழ் மூலையில் எங்கள் வலய மட்ட வலைப்பந்தாட்டச் செய்தி நான்கு வரியில் கிடந்தது. துணுக்கைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. கீழே இருந்த நான்கு வரியைப் படித்த பிறகுதான் பேனையை எடுத்தேன்.

நான் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். கூடைப்பந்தை என் கையால் தொட்டது இரண்டோ மூன்றோ தடவைதான். படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அதற்குத் திடல் இருக்கவில்லை. உதைபந்து, கரப்பந்து, பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து, அவ்வளவுதான். ஆனால் அநேகமாக எல்லாப் போட்டிக்கும் புள்ளிப் பதிவாளராக இருந்தவன் நான். "கணக்கு சேர் இருக்கிறார்தானே" என்று புள்ளிக் கொப்பியை என் மடியில் வைத்துவிட்டு மற்றவர்கள் மைதானத்துக்குள் போய்விடுவார்கள்.

அமெரிக்கக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மகள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள். அவளின் மூத்தவனுக்குப் பதினாறு வயது, பந்துப் பைத்தியம். ஒவ்வொரு மார்ச் மாதமும் வட்ஸ்அப்பில் ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்புவான். "அம்மப்பா, நீங்கள் கணக்கு வாத்தியார்தானே, நிரப்பித் தாங்கோ." அந்தத் தாளில் இருப்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்துச் சுற்று. 68 அணிகள் வரும். தொடக்கத்தில் நான்கு ஆட்டம் வைத்து 64 ஆக்குவார்கள். அதன் பிறகு முழுக்க விலகல் முறை. ஒரு தோல்வி என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான்கு பிரிவு, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை இலக்கம். குழு ஒன்று கூடி, பலமானது என்று தான் நினைக்கும் அணிக்கு 1, பலவீனமானதற்கு 16 என்று கொடுக்கும். 64 அணியில் ஒன்று மிஞ்ச 63 ஆட்டம். அந்த 63 ஆட்டத்திலும் யார் வெல்வார் என்று முதல் ஆட்டம் தொடங்குமுன் எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்காபரோவில் மகள், மருமகன், பிள்ளைகள், வட்டக்கச்சியில் நான் என்று ஐந்து பேர் நிரப்புகிறோம். பரிசு ஒன்றுமில்லை, தோற்றவரைக் கேலி பண்ணுவதுதான்.

முதல் வருடம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை விதமாக இதை நிரப்பலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டை 63 தடவை பெருக்க வேண்டும். 9,223,372,036,854,775,808. இந்த எண் எனக்குப் பழக்கமானது! சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று அரசனிடம் தானியம் கேட்ட கதையை ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். கடைசிக் கட்டத்தில், 64ஆவது கட்டத்தில், வைக்க வேண்டிய மணிகளின் எண்ணிக்கையும் சரியாக இதுதான். அந்த நெல்லை எங்கள் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல் முழுக்க எத்தனை தலைமுறை விதைத்தாலும் எடுக்க முடியாது. 2014இல் அமெரிக்கக் கோடீசுவரர் வாரன் பஃபெட்டின் துணையோடு, தாள் முழுவதும் சரியாக நிரப்புகிறவருக்கு நூறு கோடி டொலர் என்று அறிவித்தார்கள். முதல் 32 ஆட்டம் முடியுமுன்னமே பிழையில்லாத தாள் ஒன்றும் மிஞ்சவில்லை. பஃபெட் கணக்குத் தெரிந்த மனுசன்.

சரி, தாள் முழுவதையும் விடுவோம். சம்பியனை மட்டும் சொல்ல முடியாதா?

உங்கள் துணுக்கு சொல்வது இதைத்தான். 64 அணி முறை வந்தது 1985இல். அன்று தொடங்கி 2025 வரை, தொற்றுநோயால் நின்றுபோன 2020ஐத் தவிர்த்தால், 40 சுற்று நடந்திருக்கிறது. அதில் 26 தடவை கிண்ணம் 1ஆம் இலக்க அணிக்குப் போனது. கேட்டவுடன் வேலை முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு வருடமும் 1ஆம் இலக்க அணிகள் நான்கு இருக்கின்றன. 26ஐ 40ஆல் பிரித்தால் வருகிற 65 வீதத்தை நான்கு பேருக்குப் பங்கிட வேண்டும். ஆளுக்குப் பதினாறு வீதம் அளவில் வரும். மழை வருவதற்குப் பதினாறு வீதம் வாய்ப்பு என்றால் யாராவது குடை எடுத்துப் போவார்களா?

அதே பட்டியலில் இன்னொரு வேடிக்கை உண்டு. 2ஆம் இலக்கம் ஐந்து தடவை வென்றிருக்கிறது, 3ஆம் இலக்கம் நான்கு, 4ஆம் இலக்கம் இரண்டு. 6, 7, 8 ஆகியவை ஒவ்வொரு தடவை. அந்த 8 தான் 1985இல் ஜோர்ஜ்டவுனை 66க்கு 64 என்று வீழ்த்திய வில்லனோவா. 5ஆம் இலக்கம் மட்டும் ஒருதடவையும் வெல்லவில்லை. பேரன் அதைப் பிடித்துக்கொண்டான்: "5 ராசியில்லாத நம்பர் அம்மப்பா, அதை விட்டுவிடுங்கோ." நான் கேட்டேன், 5ஐ விடப் பலவீனமான 6, 7, 8 வெல்லலாம், 5 வெல்லக்கூடாது என்று பந்துக்கு யார் சொன்னது? நாற்பது சுற்று என்பது குறைந்த எண்ணிக்கை. குறைந்த எண்ணிக்கையில் இப்படி ஓட்டைகள் தெரியத்தான் செய்யும். ஓட்டைக்குக் காரணம் தேடப் போனால் அது சாத்திரம் பார்க்கிற வேலையாகிவிடும். பழைய முடிவுகளிலிருந்து எதிர்காலம் சொல்கிறவர்களில் பாதிப்பேர் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். எந்த அணியோடு மோதினாலும் பத்தில் ஒன்பது தடவை வெல்லக்கூடிய ஓர் அணி இருக்கிறது என்று வையுங்கள். அவ்வளவு கெட்டிக்கார அணி நிசத்தில் அபூர்வம். சம்பியனாக அது தொடர்ந்து ஆறு ஆட்டம் வெல்ல வேண்டும். 0.9ஐ ஆறு தடவை பெருக்கினால் 0.53. பூவா தலையா போடுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்! பத்தில் எட்டுத் தடவை வெல்லும் அணி என்றால் 0.26க்கு வந்துவிடும். இதைச் சந்திக்கடையில் இரண்டு பெடியன்களுக்கு ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினேன். உங்கள் துணுக்கைப் படித்துவிட்டுக் "காசு கட்டலாமோ சேர்" என்று கேட்டவர்கள் அவர்கள். கட்டினார்களோ தெரியாது. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்ததைக் கண்டேன்.

போன வருடம் வென்றவரையே இந்த வருடமும் போடுவது அடுத்த சுலப வழி. 1985க்குப் பிறகு அது பலித்தது மூன்றே தடவை: டியூக் 1991, 92, புளோரிடா 2006, 07, கனெக்ரிகட் 2023, 24. காரணம் எந்தப் பள்ளிக்கூட ஆசிரியருக்கும் தெரியும். பிள்ளைகள் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள். அங்கே திறமான பெடியன் ஒரு வருடத்திலேயே தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறான், இல்லாவிட்டால் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறான். இங்கே ஏ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடம் முடிகிறது. பள்ளிக்கூடத்தின் பெயரும் மேலாடையின் நிறமும் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது வேறு பிள்ளைகள்.

கடைசியாக நடந்ததை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். 2017 வரை 1ஆம் இலக்கத்தோடு மோதிய 16ஆம் இலக்க அணிகள் 132 ஆட்டத்தில் 132ம் தோற்றிருந்தன. 2018 மார்ச்சில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்ரிமோர் கவுண்டி வளாகம் என்ற 16ஆம் இலக்க அணி, அந்தச் சுற்றுக்கே முதல் இடத்தில் இருந்த வேர்ஜினியாவை 74க்கு 54 என்று அடித்துவிட்டது. இருபது புள்ளி! அந்த அவமானத்தைப் பார்த்தவர் எவராவது அடுத்த வருடத் தாளில் வேர்ஜினியா என்று எழுதியிருப்பாரா? 2019இன் சம்பியன் வேர்ஜினியாதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பழைய முடிவுகள் உதவாது என்று நான் எழுதப் போகிறேன் என நினைத்துவிடாதீர்கள். உதவும். எந்தப் பழைய முடிவைப் பார்க்கிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

அங்கே இதைக் கவனமாகச் செய்கிறவர்கள் வென்றதா தோற்றதா என்பதோடு நிற்பதில்லை. எத்தனை புள்ளியால், யாரோடு, எந்த ஊரில் என்று பார்க்கிறார்கள். கென் பொமரோய் என்பவர் பல வருடமாக ஒரு தரவரிசை நடத்துகிறார். பந்து ஓர் அணியின் கைக்கு நூறு தடவை வந்தால் அது எத்தனை புள்ளி போடுகிறது, எதிராளிக்கு எத்தனை விடுகிறது என்பதை எடுத்து, எதிராளியின் பலத்துக்கு ஏற்பத் திருத்துவது அவரின் முறை. அணிகளைத் தெரிவு செய்யும் குழுகூட, 1981 தொடக்கம் வெற்றி தோல்வியை மட்டும் கூட்டிக் கழித்த பழைய சுட்டெண்ணை 2018இல் கைவிட்டுப் புள்ளிகளையும் பார்க்கும் புதிய முறைக்கு வந்தது.

2023இன் கனெக்ரிகட்டைப் பாருங்கள். சுற்றுக்கு வருமுன் எட்டு ஆட்டம் தோற்ற அணி. இலக்கம் 4. வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் பார்த்தால் அதற்கு மேலே பல அணிகள் நிற்கும். புள்ளி வித்தியாசத்தைப் பார்த்தவர்கள் அதை மேலே வைத்திருந்தார்கள். சுற்று தொடங்கியது. ஆறு ஆட்டத்தையும் 13 புள்ளிக்குக் குறையாத வித்தியாசத்தில் வென்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருடம் என் தாளில் கனெக்ரிகட் மூன்றாவது ஆட்டத்தில் தோற்கிறது. இலக்கத்தை மட்டும் பார்த்து நிரப்பியதன் பலன். பேரன் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவான்.

புத்தி வந்து, 2025இல் புள்ளி வித்தியாசத்தைப் பார்த்து டியூக் என்று எழுதினேன். நான்கு பிரிவிலும் 1ஆம் இலக்க அணிகளே அரையிறுதிக்கு வந்தன. 2008க்குப் பிறகு அப்போதுதான் அப்படி நடந்தது. வீட்டுக்குள் எனக்குப் பெரிய பெயர். அரையிறுதி நடந்தபோது இங்கே ஞாயிறு காலை. மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். பேரன் நிமிடத்துக்கொரு தகவல் அனுப்பினான். டியூக் 14 புள்ளி முன்னால் நிற்கிறது என்றதும் நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு வாய்க்காலைத் திருப்பப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஹூஸ்ரன் 70, டியூக் 67. அந்த ஹூஸ்ரனை இறுதியாட்டத்தில் புளோரிடா 65க்கு 63 என்று வென்றது. முறை சரி, விடை பிழை. கணிதப் பேப்பரில் என்றால் முறைக்குப் பாதிப் புள்ளி போட்டிருப்பேன்.

இனி உங்கள் பக்கத்தின் கீழ் மூலைக்கு வருகிறேன்.

அந்த நான்கு வரியில் இருந்தது இவ்வளவுதான்: இன்ன பாடசாலை இன்ன பாடசாலையை அபாரமாக வென்று மாகாண மட்டத்துக்குத் தெரிவானது, பொறுப்பாசிரியருக்குப் பாராட்டு. எத்தனைக்கு எத்தனை என்று இல்லை. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. வன்னிப் பள்ளிக்கூடங்களின் விளையாட்டுச் செய்தியை நான் வெட்டி ஒட்டத் தொடங்கி எத்தனையோ வருடம். துடுப்பாட்டத்துக்கு மட்டும் ஓட்டம், விக்கெட் எல்லாம் வரும். வலைப்பந்து, கரப்பந்து என்றால் வென்றவர் பெயரோடு செய்தி முடிந்துவிடும்.

சிறுபோகக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். இரணைமடுவில் 36 அடி கொள்ளும். கூட்டத்தில் முதல் கேள்வியே, இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்பதுதான். அதை வைத்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், ஆளுக்கு எவ்வளவு என்று கதைப்பார்கள். குளம் நிரம்பியது, நிரம்பவில்லை என்று ஒரு சொல்லோடு வந்து நின்றால் எந்தக் கமக்காரன் விடுவான்? பிள்ளைகளின் ஆட்டத்தில் மட்டும் நாங்கள் அந்த ஒரு சொல்லோடு திருப்திப்படுகிறோம்.

நான் படிப்பித்த பள்ளிக்கூடம் சிறியது. 2013இல் எங்கள் பெண்பிள்ளைகள் வலைப்பந்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்திடம் 31க்கு 4 என்று தோற்றார்கள். மீள்குடியேறிச் சில வருடம்தான் ஆகியிருந்தது. பாதிப்பேருக்குச் சப்பாத்து இல்லை, வலைக்கம்பத்தில் ஒன்று சாய்ந்தபடி நிற்கும். அடுத்த வருடம் அதே பள்ளிக்கூடத்திடம் 22க்கு 9. அதற்கடுத்த வருடம் 17க்கு 15. அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் என் கை நடுங்கிப் பென்சில் முனை முறிந்தது. மூன்று வருடமும் பத்திரிகையில் எதிரணி வென்ற செய்திதான். எங்கள் பெயர் ஒரு தடவை வந்தது, அதுவும் எழுத்துப்பிழையோடு.

பாடசாலைக் கூட்டம் ஒன்றில், மூன்று வருடமாகத் தோற்கிற அணிக்கு ஏன் புதுப் பந்து என்று ஒருவர் கேட்டார். கேட்டதில் பிழையில்லை. அவர் கையில் இருந்தது தோல்வி, தோல்வி, தோல்வி. நான் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். வித்தியாசம் 27, பிறகு 13, பிறகு 2. ஒரு நிமிடம் யாரும் கதைக்கவில்லை. இரண்டு பந்து வாங்கினார்கள், கம்பத்தையும் நிமிர்த்தினார்கள்.

கோடு கீறிப் பார்த்தால் 2016இல் நாங்கள் வெல்ல வேண்டும். நானும் கீறினேன். பிள்ளைகளுக்கும் காட்டினேன், அது என் பிழை. அந்த வருடம், வளையத்துக்குப் பந்து எறிகிற ஜி.எஸ். மேலாடை போட்ட பிள்ளையின் குடும்பம் வவுனியாவுக்குப் போய்விட்டது. அவளின் கைக்குப் பந்து போனால் பத்துக்கு எட்டு வளையத்துக்குள் விழும். ஆட்டம் 20க்கு 11 என்று முடிந்தது. தோற்று வந்த பிள்ளையொன்று, "சேர், உங்கட கோடு வளைஞ்சு போச்சு" என்றது. ஓம், வளைந்துதான் போனது. ஆனாலும் 31க்கு 4 இற்கு அது திரும்பவில்லை என்பது கொப்பியில் இருக்கிறது. கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது.

அதற்கு முந்திய கொப்பிகள் இல்லை. 1987 தொடக்கம் எழுதியவை. ஒரு சீனிச் சாக்கில் கட்டி, 2009 ஜனவரியில் இடம்பெயர்ந்தபோது வட்டக்கச்சியிலிருந்து தருமபுரம் வரை சைக்கிளில் கொண்டுபோனேன். விசுவமடுவில் சாக்கை இறக்கி அரிசியை ஏற்ற வேண்டி வந்தது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். இருபது வருடத்து வன்னிப் பிள்ளைகள் எத்தனைக்கு எத்தனை வென்றார்கள், தோற்றார்கள் என்பது அந்தச் சாக்கோடு போனது. பத்திரிகையில் அந்த எண்கள் அச்சாகியிருந்தால் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஏதாவதொரு நூலகத்தில் ஒரு பிரதி கிடந்திருக்கும். அமெரிக்காவில் 1985இன் இறுதியாட்டம் 66க்கு 64 என்று வட்டக்கச்சியில் இருந்து எனக்குச் சொல்ல முடிகிறது. அதே வருடம் கிளிநொச்சியில் நடந்த ஓர் இறுதியாட்டத்தின் புள்ளியை எவரிடம் போய்க் கேட்பேன்?

இதற்கு எதிராக ஒரு ஞாயமான கதை உண்டு. வளமில்லாத பள்ளிக்கூடம் 40க்கு 3 என்று தோற்றதை ஊரறியப் போடுவது பிள்ளைகளைக் குத்துவது ஆகாதா என்று என் மனைவியே கேட்டாள். அவளும் ஆசிரியையாக இருந்தவள். அமெரிக்காவிலும் இந்த யோசனை வந்திருக்கிறது. நான் மேலே சொன்ன புதிய முறையில், எவ்வளவு பெரிதாக வென்றாலும் 10 புள்ளிக்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை என்று முதலில் வரம்பு வைத்திருந்தார்கள். வென்றுகொண்டிருக்கிற அணி இரக்கமில்லாமல் அடித்துக்கொண்டே போகக் கூடாது என்பதற்காக. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். எனக்கும் இதில் முழுத் தெளிவு இல்லை. பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டம் என்றால் போடாமல் விடுங்கள். பெரிய பிள்ளைகளைப் பொறுத்தவரை, 31க்கு 4 என்று தோற்ற பிள்ளைக்கு அந்த எண் ஏற்கெனவே தெரியும். அவளுக்குத் தெரியாமல் போனது, 17க்கு 15 என்று வந்தது ஊருக்கும் தெரிந்ததா என்பதுதான்.

இடமில்லை என்று சொல்லுவீர்கள். "அபாரமாக" என்ற சொல்லை எடுத்துவிட்டால் "22க்கு 9" அந்த இடத்துக்குள் அடங்கும், எண்ணிப் பார்த்துவிட்டேன். கரப்பந்து என்றால் ஒவ்வொரு சுற்றின் புள்ளியும் போட்டால் நல்லது, முடியாவிட்டால் மொத்தமாவது. ஆட்டம் எந்த மைதானத்தில் நடந்தது என்று ஒரு சொல். பிள்ளைகளின் பெயர்கூடத் தேவையில்லை.

எண்களை யார் அனுப்புவது என்பதுதான் உங்கள் கஷ்டம் என்றால், கண்டாவளை, கரைச்சிப் பக்கம் நடக்கிற ஆட்டங்களுக்கு நான் போகிறேன். முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது, ஆனாலும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை தருவார்கள். ஆட்டம் முடிந்த அன்றிரவே பேரனிடம் பழகிய மாதிரிப் படம் பிடித்து அனுப்பிவிடுவேன். எந்த இலக்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.